அகன்ற பாதத்துக்குப் பொருந்தும் சைக்கிள் ஷூ எது? வீரவநல்லூர் போவதற்குள் விரல்கள் மரத்துப்போகின்றன

கேள்வி: பாளை மிதிவண்டி

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன், வயது 51. வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் சீவலப்பேரி வரை சைக்கிளில் போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போய், ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்புவது வழக்கம். போகவர நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும்.

நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன் நான். வரப்பிலும் குளத்தங்கரையிலும் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தேன். வேலையில் சேர்ந்த பிறகு, 22 வயதில்தான் முதல் ஜோடி ஷூ வாங்கினேன். அதனாலோ பிறவியாலோ என் பாதம் குதிகாலில் ஒடுங்கி, முன்பக்கம் விசிறி போல விரிந்திருக்கும். கல்யாண வரவேற்புக்கு மாமனார் வீட்டில் எடுத்துக் கொடுத்த ஷூவை விருந்தினர் போன கையோடு கழற்றி வைத்தவன், பிறகு அதைத் தொடவே இல்லை. இப்படிப்பட்ட காலை வைத்துக்கொண்டு, சென்ற ஆண்டு ஆசைப்பட்டு, காலைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் மூன்று துளைக் கிளீட் ஷூ (கிளீட் என்பது ஷூவின் அடியில் திருகி மாட்டும் கொக்கித் தகடு) வாங்கிவிட்டேன்.

முதலில் எடுத்த 43 விரல்களை நெரித்தது. வெளியூரில் உள்ள அந்தக் கடையில் சொன்னபோது, இரண்டு அளவு பெரிதாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி 45 மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது விரலுக்கு முன்னால் காலி இடம் இருக்கிறது. ஆனால் நெரிப்பு முழுவதும் போகவில்லை. பத்தமடை தாண்டியதும் சுண்டுவிரலின் அடிமூட்டு எரிய ஆரம்பிக்கும். சேரன்மகாதேவியில் அந்த எரிச்சல் உள்ளங்காலுக்கு இறங்கும். வீரவநல்லூர் போவதற்குள் மூன்றாம் விரலும் நான்காம் விரலும் என்னுடையவையா என்று தொட்டுப் பார்க்கிற அளவுக்கு மரத்துவிடும். அங்கே ஒரு வாய்க்கால் பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, ஐந்து நிமிடம் விரல்களை நீவிவிட்ட பிறகுதான் மேற்கொண்டு போக முடிகிறது. கழற்றிப் பார்த்தால் சுண்டுவிரல் ஓரத்தில் ஷூவின் தையல் வரி அப்படியே சிவப்பாகப் பதிந்திருக்கிறது. ஆடிக்காற்று எதிரே அடிக்கிற இந்த நாள்களில் அழுத்தி மிதிக்க வேண்டியிருப்பதால் வேதனை இன்னும் சீக்கிரம் தொடங்குகிறது.

அகலமான பாதத்துக்கென்றே ஷூ செய்கிறார்களா? இருக்கிற ஷூவை நம் ஊரில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அகலப்படுத்த முடியுமா? அல்லது இந்தக் கிளீட் ஆசையையே விட்டுவிட வேண்டுமா? பட்டறிவு உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: பொருநைத் தடம்

அண்ணாச்சிக்கு வணக்கம். நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வியாகத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று உங்கள் பாதத்தின் அகலம். மற்றது, அகலத்துக்குத் தீர்வாக நீளத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டது. இரண்டாவதுதான் இப்போது அதிகத் தொல்லை தருகிறது என்பது என் ஊகம். ஆனால் பாத அளவைச் சொல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். எனவே முதலில் அளந்து விடுவோம்.

மாலை நேரத்தில் அளக்க வேண்டும். பகல் முழுவதும் நின்று நடந்த பாதம் காலையில் இருந்ததைவிடச் சற்றே பருத்திருக்கும், வெயிலில் மிதித்த பிறகு இன்னும் கூடுதலாக. சுவரை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து, குதிகால் சுவரில் பட நின்று, முழு எடையையும் அந்தக் காலில் ஊன்றிக்கொள்ளுங்கள். குனிந்து நீங்களே வரைந்தால் எடை மாறிவிடும் என்பதால் வீட்டில் ஒருவரை வரையச் சொல்லுங்கள். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சுவரிலிருந்து மிக நீண்ட விரலின் நுனி வரை நீளம். பெருவிரல் மூட்டின் புடைப்பிலிருந்து சுண்டுவிரல் மூட்டின் புடைப்பு வரை அகலம். இரண்டு காலையும் அளந்து மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபடி அளந்தால் அகலம் குறைவாகக் காட்டும். பலரும் ஏமாறுவது அதில்தான்.

அளவு எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 42, 43 என்னும் ஐரோப்பிய எண்ணில் ஒரு படி என்பது மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், அதாவது 6.67 மி.மீ. ஷூவின் அச்சை, அதாவது ஷூவைத் தைக்கப் பயன்படும் கால் வடிவக் கட்டையை, ஒரு எண் பெரிதாக்கும்போது நீளம் இவ்வளவு கூடினால், முன்பாதத்தின் சுற்றளவு ஏறக்குறைய 5 மி.மீ. மட்டுமே கூடும். சுற்றளவில் கூடும் 5 மி.மீ. மேலும் கீழும் பக்கவாட்டிலும் பங்கு போடப்படுவதால், தட்டையாகப் பார்த்தால் அகலத்தில் கிடைப்பது ஒன்றரை, இரண்டு மி.மீ.தான். நீங்கள் இரண்டு எண் ஏறியதில் நீளம் 13 மி.மீ. கூடியிருக்கிறது; அகலம் மூன்று, நான்கு மி.மீ.க்கு மேல் கூடியிருக்க வழியில்லை. கைக்குச் சட்டை பிடிக்கிறது என்பதற்காகத் தையல்காரர் நீளத்தைக் கூட்டித் தைத்துக் கொடுத்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

இதில் இன்னொரு கெடுதியும் சேர்கிறது. கிளீட்டை மாட்டும் துளைகள் ஷூவின் நீளத்துக்கு ஏற்ற இடத்தில் இருக்கும். குதிகாலைப் பின்பக்கம் ஒட்டி வைத்துக்கொண்டு நீளமான ஷூவைப் போட்டால், துளைகள் உங்கள் பாதத்தின் பந்துப் பகுதியை, அதாவது விரல்களுக்குப் பின்னால் உள்ள பருத்த இடத்தை, தாண்டி விரல்களை நோக்கிப் போய்விடும். பிறகு விரல் நுனியால் மிதிப்பது போல ஆகிவிடும், கெண்டைக்காலும் வலிக்கும். உங்களுக்குக் கெண்டைக்கால் பிடிக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.

அகலப் பதிப்புகள் நிச்சயமாக இருக்கின்றன. ஷிமானோவில் ஆர்சி3 போன்ற சில மாடல்கள், நீளம் மாறாமல் முன்பாதம் மட்டும் பெருத்த ‘வைட்’ பதிப்பாகவும் வருகின்றன. இத்தாலியின் சிடி நிறுவனம் அகலப் பதிப்பை ‘மெகா’ என்கிறது. லேக் நிறுவனம் பல மாடல்களை அகலம், மிக அகலம் என்று பிரித்தே விற்கிறது. ஆஸ்திரேலியாவின் பான்ட் ஷூக்களை அடுப்பில் இளஞ்சூட்டில் வைத்துக் காலுக்கேற்ப வடிவமைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் வீடுகளில் அதற்கான மின்னடுப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது வேறு கதை. ஜைரோவில் ‘எச்வி’ என்று போட்டிருந்தால் உள்ளே கொள்ளளவு அதிகம் என்று பொருள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி சேரும், பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவதும் பெரும்பாடு. ஆகவே அளவு தெரியாமல் எதற்கும் பணம் கட்ட வேண்டாம்.

உங்கள் கால்தான் விசித்திரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவி கொண்டு அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிடப் பொதுவாக அகலமானது என்று அதில் தெரியவந்து, நமக்கென்று ‘பா’ என்ற அளவுமுறையையே முன்மொழிந்திருக்கிறார்கள். ஆனால் சைக்கிள் ஷூக்களின் அச்சு இன்னும் பெரும்பாலும் ஐரோப்பியக் காலுக்கானதுதான்.

மறுமொழி: சேர்மாதேவிக்காரன்

நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். நாற்பது ஆண்டுகளாகச் சைக்கிள் மிதிக்கிறேன். திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும் போயிருக்கிறேன். அகலமான தட்டைப் பெடல், கீழே ரப்பர் கெட்டியாக உள்ள கேன்வாஸ் ஷூ, இவ்வளவுதான் என் சொத்து. கால் எங்கே வலிக்கிறதோ அங்கிருந்து சற்று நகர்த்தி மிதித்துக்கொள்வேன். பூட்டிக்கொண்ட காலுக்கு அந்த வசதி இல்லை. பந்தயத்துக்குப் போகாதவர் இந்தக் கொக்கிகளை ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு இன்று வரை விளங்கவில்லை. வீரவநல்லூர்ப் பாலத்தில் ஷூவைக் கழற்றி உட்கார்ந்திருப்பவரை நானே ஒரு முறை பார்த்ததாக நினைவு, அது நீங்கள்தானா?

மறுமொழி: தோல் வேலை, மேலப்பாளையம்

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செருப்பு, ஷூ வேலை செய்கிறது. அகலப்படுத்த முடியுமா என்று கேட்டதால் எழுதுகிறேன்.

தோல் ஷூ என்றால் முடியும். உள்ளே கட்டையைக் கொடுத்து, அழுத்துகிற இடத்தில் ஈரம் காட்டி, இரண்டு இரவு முறுக்கி வைத்தால் தோல் இளகி இடம் விடும். சுண்டுவிரல் மூட்டுக்கு மட்டும் இடம் வேண்டும் என்றால், கட்டையில் அந்த இடத்தில் ஒரு குமிழை வைத்து முறுக்குவோம். ஆனால் இப்போது வருகிற சைக்கிள் ஷூக்களில் பெரும்பாலானவை செயற்கைப் பொருள். அது கட்டையில் இருக்கும்வரை விரிந்திருக்கும், எடுத்ததும் பழையபடி சுருங்கிவிடும். சூடு காட்டினால் கொஞ்சம் கேட்கும்; அதிகமானால் ஒட்டுப் பசை விட்டுவிடும். பக்கவாட்டில் தையலைப் பிரித்து மெல்லிய தோல் ஒட்டுப் போட்டுத் தரலாம். அப்படி இரண்டு பேருக்குச் செய்து கொடுத்தும் இருக்கிறேன். பார்க்க அழகாக இருக்காது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஷூவுக்குள் இருக்கும் உள்ளட்டையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் வெறுங்காலோடு எழுந்து நில்லுங்கள். அட்டையின் ஓரத்தை விட்டுச் சதை வெளியே பிதுங்கினால், மேல்பாகம் மட்டுமல்ல, அடிப்பாகமே உங்கள் காலுக்குக் குறுகல் என்று அர்த்தம். கெட்டியான அடிப்பாகத்தின் ஓரம் கிண்ணம் போல மேலே வளைந்திருக்கும். அதன் மேல் எலும்பு ஏறி உட்கார்ந்தால் எந்தக் கட்டையும் எந்த ஒட்டும் உதவாது. அந்த ஷூவுக்குச் செலவு செய்வது வீண். அப்படி இல்லாமல் பாதம் அட்டைக்குள் அடங்கி, மேலே மட்டும் நெரித்தால் என்னிடம் கொண்டு வாருங்கள், பார்க்கலாம்.

‘அகலப் பாதம்’ என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள், கடையில் வேலை செய்கிறவனுக்கு அது போதாது. சிலருக்கு முன்பாதம் மட்டும் விரிந்திருக்கும், குதிகால் சின்னது. உங்களுடையது இந்த வகை என்று தெரிகிறது. சிலருக்குப் புறங்கால் உயரம். அவர்களுக்கு அகலம் சரியாக இருந்தும் மேலிருந்து அழுத்தும், நாடாவைத் தளர்த்தினாலே பாதி குணமாகிவிடும். இன்னும் சிலருக்குப் பெருவிரல் மூட்டு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். உங்களைப் போன்ற காலுக்கு எல்லாப் பக்கமும் பெரிய ஷூ வாங்கினால் குதிகால் உள்ளே வழுக்கி, அங்கே கொப்புளம் போடும். முன்னால் அகலமாகவும் பின்னால் இறுக்கமாகவும் இருப்பதாகப் பார்த்துத் தேடுங்கள். நாடா போட்ட ஷூ கிடைத்தால் இன்னும் நல்லது. கீழே உள்ள முதல் இரண்டு துளைகளில் நாடாவைக் குறுக்கே போடாமல் பக்கவாட்டிலேயே நேராக ஏற்றிக் கட்டினால் முன்பாதத்துக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். திருகு டயல் உள்ள ஷூக்களில் ஒரே கம்பி எல்லா இடத்தையும் இழுக்கும் என்பதால் இந்த வித்தை பலிக்காது. இரண்டு டயல் இருந்தால் கீழே உள்ளதைத் தளர்த்தி வைக்கலாம்.

பாளை மிதிவண்டி

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை என் மகள் வரைய, அளந்து பார்த்தேன். வலது கால் நீளம் 264 மி.மீ., அகலம் 111. இடது கால் நீளம் 261, அகலம் 113. சிறிய காலுக்கு அகலம் அதிகம் என்பது எனக்கே புதிய செய்தி.

உள்ளட்டைச் சோதனையும் செய்தேன். 45ஆம் எண் அட்டையின் மேல் நின்றபோது விரலுக்கு முன்னால் என் கட்டைவிரல் அகலத்துக்கு மேல் வெற்றிடம்; சுண்டுவிரல் பக்கமோ சதை அட்டையைத் தாண்டித் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். கெண்டைக்கால் பிடிப்பும் உண்டு. வயது காரணம் என்று நானே முடிவு செய்து, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சேர்மாதேவிக்கார அண்ணாச்சி பார்த்தது என்னைத்தான். அடுத்த முறை நின்று பேசிவிட்டுப் போங்கள்.

மறுமொழி: பொருநைத் தடம்

264 மி.மீ. என்றால் ஷிமானோ அட்டவணைப்படி நீங்கள் 42. அவர்கள் 42க்கு 26.5 செ.மீ., 43க்கு 27.2, 45க்கு 28.5 என்று போடுகிறார்கள். அதாவது உங்கள் காலில் இருப்பது மூன்று எண் பெரிய ஷூ. அச்சில் 20 மி.மீ. நீளக் கூடுதல், கிளீட் துளைகள் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால் போயிருக்கும். தைலம் தேய்த்துத் தீர்கிற வலி அல்ல அது.

இனி நீங்கள் தேட வேண்டியது 42 அல்லது 43இல் அகலப் பதிப்பு. கடைக்குப் போகும்போது, வரைந்த தாளை ஒரு கெட்டி அட்டையில் ஒட்டி, கோட்டின் மேலேயே வெட்டிக் கையோடு கொண்டு போங்கள். ஷூவின் உள்ளட்டையை எடுத்து அதன் மேல் இந்த அட்டையை வைத்துப் பார்த்தால், போட்டுப் பார்ப்பதற்கு முன்பே பாதி ஷூக்களைக் கழித்துவிடலாம். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

மூன்று துளையை விட்டு இரண்டு துளைக் கிளீட்டுக்கு, அதாவது மலைச் சைக்கிள் வகை ஷூவுக்கு மாறுவதையும் யோசியுங்கள். அடியில் ரப்பர் இருப்பதால் பாபநாசம் படித்துறைப் பக்கம் வழுக்காமல் நடக்கலாம். கிளீட் சிறியது என்பதால் உள்ளங்காலில் ஒரே இடத்தில் குத்தும் என்று சிலர் அஞ்சுவார்கள். அடிப்பாகம் போதிய கெட்டியாக இருந்தால் அழுத்தம் பரவிவிடும். ஷிமானோவிலேயே எஸ்டி5 என்று இரண்டு துளைக் கிளீட் மாட்டும் சாண்டல் ஒன்று உண்டு. பக்கவாட்டுச் சுவரே இல்லாத அதில் சுண்டுவிரல் தன் இஷ்டத்துக்கு இருக்கும். சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் அதைவிட நல்லது வேறில்லை என்பது என் கருத்து. நான் இரண்டு ஆண்டாக அதில்தான் ஓட்டுகிறேன். காலில் சாண்டல் வார் போன இடம் மட்டும் வெள்ளையாக, மற்ற இடம் கறுத்துப் போயிருப்பதை என் மனைவி வரிக்குதிரை என்கிறாள்.

சேர்மாதேவிக்கார அண்ணாச்சி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கிளீட்டால் காலை மேலே இழுத்து மிதிக்கலாம், அதனால் உழைப்பு மிச்சம் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. சீரான வேகத்தில் ஓட்டுபவர்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, சாதாரண ஷூவோடு தட்டைப் பெடலை மிதிப்பதற்கும் கிளீட்டோடு மிதிப்பதற்கும் ஆக்சிஜன் செலவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. முழுப் பலத்தோடு பாய்ந்து ஓட்டும்போதுதான் கிளீட்டின் பயன் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்குக் கிளீட் கட்டாயம் இல்லை. காலை வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறது, மேடு பள்ளத்தில் நழுவுவதில்லை என்ற சுகத்துக்காக வைத்துக்கொள்வதாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி: அம்பை பிசியோ

இயன்முறை மருத்துவத் துறையில் இருப்பவள் என்ற முறையில் மரத்துப்போவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விரல்களுக்குப் போகும் நரம்புகள், முன்பாத எலும்புகளின் தலைப்பகுதிகளுக்கு இடையே உள்ள சந்து வழியாகத்தான் செல்கின்றன. பக்கவாட்டிலிருந்து ஷூ நெரிக்கும்போது எலும்புகள் நெருங்கி வருகின்றன. அதே நேரத்தில் கீழிருந்து பெடல் அழுத்துகிறது. நடுவில் அகப்பட்ட நரம்பு முதலில் எரிச்சலாகவும் பிறகு மரமரப்பாகவும் முறையிடுகிறது. மூன்றாம், நான்காம் விரல்களுக்கு இடையே இது அதிகமாக வரும். பிலடெல்பியாவைச் சேர்ந்த தாமஸ் மார்ட்டன் என்ற அறுவை மருத்துவர் 1876இல் இந்த இடத்து வலியை விவரித்து எழுதினார். நெரிப்பு நீண்ட காலம் தொடர்ந்து, நரம்பைச் சுற்றித் தடித்துவிட்டால் அதை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறோம். உங்களுக்கு அந்த நிலை வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஷூவைக் கழற்றி ஐந்து நிமிடத்தில் சரியாவது நல்ல அறிகுறி. வெறுங்காலோடு வீட்டில் நடக்கும்போதும் உள்ளங்காலில் கூழாங்கல்லை மிதிப்பது போலத் தோன்றினாலோ, மறுநாளும் மரமரப்பு இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை நோய் உண்டா என்பதை நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. சர்க்கரையால் நரம்பு பழுதுபட்டவர்களுக்கு ஷூ கடிப்பதே தெரியாது. சவாரி முடிந்து கழற்றும்போது புண்ணைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, விரல் நுனியிலிருந்து தொடங்கும் மரமரப்பு என்றால் ஷூவின் மேல் மட்டும் பழி போட்டுவிட வேண்டாம், இரத்தப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: சவாரி முடிந்ததும் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

புதிய ஷூ வந்ததும் கிளீட்டைப் பெருவிரல் மூட்டுக்கு நேராக வைக்காமல், சற்றுப் பின்னால், பெருவிரல் மூட்டுக்கும் சுண்டுவிரல் மூட்டுக்கும் நடுவில் வருமாறு வைத்துப் பாருங்கள். முன்பாதத்தின் மேல் விழும் அழுத்தமும் கெண்டைக்காலின் வேலையும் குறையும். ஒரே தடவையில் அதிகமாக நகர்த்தாமல், இப்போதுள்ள இடத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு, இரண்டு மூன்று மி.மீ.யாக நகர்த்துங்கள். கிளீட் பின்னால் போனால் கால் எட்டும் தூரம் சற்றுக் குறையும் என்பதால் சீட்டையும் ஒரு துளி இறக்க வேண்டிவரலாம். பாதத்தின் உள்வளைவு எடை பட்டதும் தரையில் படிந்துவிடுகிறது என்றால், வளைவைத் தாங்கும் உள்ளட்டை போட்டால் பாதம் பக்கவாட்டில் விரிவதும் கொஞ்சம் அடங்கும். ஆனால் தடித்த அட்டையைப் போட்டு உள்ளே இருக்கிற இடத்தையும் அடைத்துவிடக் கூடாது. காலுறையும் மெல்லியதாக இருக்கட்டும். வியர்வையை உறிஞ்சி ஊறிப் போகும் தடித்த பருத்திக் காலுறை வேண்டாம்.

பாளை மிதிவண்டி

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். சர்க்கரை பார்த்தாகிவிட்டது, இல்லை என்று வந்தது. வீட்டம்மாவுக்கும் நிம்மதி.

அட்டையை வெட்டிக்கொண்டு போய் மதுரையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் இருந்த இளைஞர் அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யாருடைய கால் என்று கேட்டார். மூன்றாவது கடையில் இரண்டு துளைக் கிளீட் ஷூ, அகலப் பதிப்பு, 43இல் கிடைத்தது. 42 அகலம் இருப்பில் இல்லை. வரவழைக்க ஒரு மாதமாகும் என்றார்கள். உள்ளட்டையின் மேல் நின்று பார்த்தபோது இடது சுண்டுவிரல் ஓரம் நூலளவு மட்டுமே வெளியே நின்றது. அதை நாடாவை நேராக ஏற்றிக் கட்டும் வித்தையால் சமாளித்துவிட்டேன். கிளீட்டைப் பின்னால் தள்ளி வைத்து, சீட்டை மூன்று மி.மீ. இறக்கியிருக்கிறேன்.

சென்ற ஞாயிறு பாபநாசம் போய் வந்தேன். போகும்போது நிறுத்தவே இல்லை. வரும்போது கல்லிடைக்குறிச்சியில் லேசாக ஒரு சூடு தெரிந்தது, டயலை அல்ல, நாடாவை ஒரு சுற்றுத் தளர்த்தியதும் அடங்கிவிட்டது. கெண்டைக்கால் பிடிப்பு அறவே இல்லை. பழைய 45ஐ மேலப்பாளையம் அண்ணாச்சியிடம் காட்டினேன். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, இதற்குப் பணம் வாங்கினால் எனக்குத்தான் பாவம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புதிதாக ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. ஷூ அகலமாக இருப்பதால் இடது காலின் உள்பக்கம், கணுவுக்குக் கீழே, ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க்கில், அதாவது பெடலைத் தாங்கும் தண்டில், உரசுகிறது. ஷூவின் ஓரத்தில் கறுப்பாகக் கோடு விழுந்துவிட்டது. இதற்கு என்ன செய்வது?

மறுமொழி: சேர்மாதேவிக்காரன்

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. கிளீட்டை ஷூவின் உள்பக்கமாக, அதாவது பெருவிரல் பக்கமாக, இரண்டு மி.மீ. நகர்த்துங்கள், கால் அந்த அளவுக்குக் கிராங்க்கை விட்டு வெளியே போகும். அதுவும் போதாவிட்டால் பெடலுக்கும் கிராங்க்குக்கும் நடுவில் ஒரு மி.மீ. தடிமனுள்ள பெடல் வாஷர் ஒன்றைப் போடுங்கள். அதற்கு மேல் தடிமன் வேண்டாம், மரை பிடிக்கும் நீளம் குறைந்துவிடும். ஒரு காலுக்குப் போட்டால் மற்றக் காலுக்கும் போட்டுவிடுவது நல்லது. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும் என்பதை மறந்து பலம் கொண்ட மட்டும் முறுக்கிக் கிராங்க்கைக் கெடுத்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். வலது பெடல் இடஞ்சுழியாகக் கழலும். இடது பெடல் வலஞ்சுழியாகக் கழலும். திரும்ப மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள்.

பெடல் கழற்றுவதற்கான 15 எண் ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சேரன்மகாதேவி வழியாகத்தானே போகிறீர்கள், தேரடிப் பக்கம் டீக்கடையில் ஆறு மணிக்கு இருப்பேன். அங்கேயே கழற்றி மாட்டிக்கொள்ளலாம். ஸ்பேனரை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டேன்; போன முறை வாங்கிக்கொண்டு போனவர் இன்னும் கொண்டு வரவில்லை.